ரோலர் கழுவுவது பற்றி நீ கேட்டதற்கு

தம்பி,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை மத்தியானத் தபாலில் வந்தது. மூன்று பக்கம். ஃபோர்மேன் ஆனதும் உனக்குத் தனி மேசை போட்டுக் கொடுத்தது, புது மெஷினின் ஓட்டம், சிவகாசி மெஸ் சாம்பாரில் உப்பு தூக்கலாக இருப்பது என்று எல்லாம் எழுதியிருக்கிறாய். உன் அம்மா அதை அடுத்த வீட்டுக்காரி வரைக்கும் படித்துக் காட்டிவிட்டாள். கடைசிப் பக்கத்தின் அடியில், போகிற போக்கில், நாலு வரி எழுதியிருக்கிறாய். "ரோலர் கழுவ பென்சால் டிரம் இறக்கியிருக்கிறார்கள். கால் மணி நேரத்தில் வேலை முடிந்துவிடுகிறது. ஆட்களும் அதைத்தான் கேட்கிறார்கள். நீங்கள் அந்தக் காலத்தில் எண்ணெய் வைத்துக் கழுவுவீர்களே, அது என்ன முறை? சீசன் முடிந்ததும் மாற்றிப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்." உன் அம்மா அந்த வரிகளை ஒரு மூச்சில் தாண்டிப் போய்விட்டாள். நான்தான் மூன்று நாளாக அதிலேயே நிற்கிறேன்.

முறையைச் சொல்கிறேன். அதில் ஒன்றும் பெரிய ரகசியமில்லை. ஆனால் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு இப்போது தெம்பில்லை. வெயில் வேறு ஆளைப் போட்டு வாட்டுகிறது, பத்து வரி எழுதினால் கை உளைகிறது. அதனால் முக்கியமானதை முதலில் எழுதிவிடுகிறேன். அந்த டிரம்மை மூடு. சீசன் முடிந்தபிறகு அல்ல, இப்போதே மூடு. மாடசாமி மாமாவை உனக்கு நினைவிருக்கும், ரோலர் கழுவுகிற மாடசாமி. அவன் மஞ்சள் காமாலையில் செத்தான் என்றுதான் உன்னிடம் சொல்லியிருக்கிறோம். காமாலை எல்லாம் இல்லை. அந்தப் பென்சாலில்தான் செத்தான். அதை வாங்கச் சொன்னவன் நான், அவன் கையில் ஊற்றிக் கொடுத்தவனும் நான். பன்னிரண்டு வருடமாக இதை உன் அம்மாவிடம்கூட நான் வாய்விட்டுச் சொன்னதில்லை.

அப்போது எங்கள் அச்சாபீஸ் எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியாது. தகரக் கொட்டகை. தீப்பெட்டி லேபிள், பட்டாசுக் கட்டு லேபிள், அப்புறம் ஆடி பிறந்ததும் சாமி காலண்டர். ஒரு முருகன் படம் என்றால் அதே தாள் ஒவ்வொரு கலருக்கும் ஒரு தடவையாக மெஷினுக்குள் போய்வர வேண்டும். காற்றடித்தால் தாள் சுருங்கும், விரியும். ஒரு நூல் பிசகினாலும் முருகனுக்கு உதடு கன்னத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதனால் சன்னல் எல்லாவற்றையும் அடைத்து, ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு, அந்தப் புழுக்கத்திலேயே வேலை பார்ப்போம். ஒரு கலர் முடிந்து அடுத்த கலர் போடுமுன் ரோலரில் பழைய மை ஒரு பொட்டுகூட இருக்கக் கூடாது. மண்ணெண்ணெய் விட்டுத் தேய்ப்பார்கள். முக்கால் மணி நேரம் ஆகும், அதற்கப்புறமும் பிசுபிசுப்பு நிற்கும். மெஷின் சும்மா நிற்பதைப் பார்த்தால் முதலாளிக்கு வயிறு எரியும். நான்தான் அங்கே ஃபோர்மேன், அவருக்கு எரிந்தால் என்னைக் கூப்பிடுவார்.

மெட்ராசிலிருந்து மை விற்க வருகிற ஆள் ஒருவர் ஒரு தகர டின்னில் இந்தப் பென்சாலைக் கொண்டுவந்து காட்டினார். நிலக்கரித் தாரிலிருந்து வடிப்பதாம். துணியில் நனைத்து ஒரு இழுப்பு இழுத்தார். கறுப்பு மை கழன்று, ரோலர் குளித்து வந்த மாதிரி நின்றது. அடுத்த நிமிடம் காய்ந்தும் போனது. பிசுபிசுப்பும் இல்லை, ஒன்றும் இல்லை. வாசனை வேறு, ஒரு மாதிரி இனிப்பாக இருக்கும். நான் அப்படியே சொக்கிப் போனேன். முதலாளியிடம் போய், "இதை வாங்குங்க, மெஷினுக்கு ஓய்வே இருக்காது" என்று சொன்னது என் வாய்தான். டிரம் வந்து இறங்கிய அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையை இப்போது நினைத்தால் கூசுகிறது. நீ ஒரு ஞாயிற்றுக்கிழமை லேபிள் மையில் கையை விட்டுக்கொண்டு வந்தாயே, ஒரு துளி தொட்டு உன் கையைத் துடைத்துவிட்டேன். "அப்பா, மந்திரம்!" என்று கத்தினாய். உன் கையைக்கூட நான் விட்டுவைக்கவில்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பயப்படவில்லையா என்று கேட்பாய். பயப்பட்டோம், ஆனால் தப்பான இடத்தில். நம் ஊர்க்காரன் எந்தச் சாமானைப் பார்த்தாலும் முதலில் பற்றிக்கொள்ளுமா, வெடிக்குமா என்றுதான் பார்ப்பான். பக்கத்துக் கட்டடத்தில் பட்டாசு மருந்து, எதிர்த்தாற்போல் தீப்பெட்டி ஆபீஸ்; வேறு எப்படிப் பார்ப்பான்? டிரம்மைச் சுவரோரம் தனியாக வைத்தோம். பீடி குடிக்கக் கூடாது என்று போர்டு எழுதி மாட்டினேன். மணல் வாளி நாலு வைத்தேன். வாசலில் ஆளை நிறுத்தித் தீப்பெட்டியைப் பிடுங்கி வைத்துக்கொள்ளச் சொன்னேன். அத்தோடு எங்கள் பயம் தீர்ந்தது. தீப்பிடிக்காத வரைக்கும் எல்லாமே எங்களுக்கு நல்ல சாமான்தான். மூக்கு வழியாகவும் தோல் வழியாகவும் ஒரு சாமான் சத்தமில்லாமல் ஆளைத் தின்னும் என்பது சிவகாசி பக்கத்து மூளைக்கு எட்டாத விஷயம், தம்பி. உனக்கும் எட்டவில்லை என்று உன் கடிதத்தைப் பார்த்ததும் தெரிந்துகொண்டேன். நீ பரீட்சை எழுதி டிப்ளமா வாங்கியவன், நான் எட்டாவதோடு நின்றவன். இதில் மட்டும் இரண்டு பேரும் ஒரே வகுப்பு.

மாடசாமி சாத்தூருக்கு அந்தப் பக்கத்துக் கரிசல்காட்டுக்காரன். அப்பன், பாட்டன் எல்லோரும் அடுத்தவன் காட்டில் பருத்தி எடுத்தவர்கள். அந்தக் குடும்பத்தில் கூரைக்குக் கீழே நின்று வேலை பார்த்த முதல் ஆள் அவன்தான், அதில் அவனுக்கு அம்புட்டுச் சந்தோசம். குறை என்றால் கை மட்டும்தான். முழங்கை வரைக்கும் மை ஏறி, நகக்கண்ணெல்லாம் கறுத்து, சோறு பிசைந்தால் பார்க்கிறவனுக்கு ஒரு மாதிரி இருக்கும். கல்யாணமாகிப் பல வருடம் கழித்து அவனுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மறுநாள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான்.

"என்னலே, பொம்பளப் புள்ளைன்னா இப்படியா?" என்றேன்.

"அட அதில்ல அண்ணாச்சி. பேச்சி புள்ளயத் தரமாட்டேங்கா. இந்தக் கைய வச்சுக்கிட்டுப் பச்சப்புள்ளயத் தொடாதீகங்கா. நானும் சீயக்காய், சாம்பல், செங்கல்பொடின்னு எல்லாம் போட்டுத் தேச்சுட்டேன். போவேனாங்குது."

நான் சிரித்துக்கொண்டே ஒரு பழைய மருந்து பாட்டிலை எடுத்து டிரம்மிலிருந்து நிறைய ஊற்றிக் கொடுத்தேன். "சாயங்காலம் கிளம்பும்போது இதைப் போட்டுக் கழுவிட்டுப் போ. மாப்பிள்ளை மாதிரி இருப்ப" என்றேன். மறுநாள் அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அன்றிலிருந்து தினமும் ஒரு பாட்டில். முழங்கை வரைக்கும் தடவி, துணியால் அழுத்தித் தேய்த்து, கையை மோந்து பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவான். பகல் முழுக்க அடைத்த கொட்டகையில் அதே டிரம்மில் கை, சாயங்காலம் அதே சாமானில் குளியல். என் வாழ்க்கையில் ஒரு ஆளுக்கு நான் மனசாரச் செய்த உதவி எது என்று கேட்டால், அதைத்தான் சொல்லியிருப்பேன்.

அடுத்த வருடம் சீசனில் அவனுக்கு நடை தளர்ந்தது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். கையிலும் தொடையிலும் அடிபட்ட மாதிரி நீலநீலமாகத் திட்டு. பல் தேய்த்தால் ஈறில் ரத்தம் நிற்கவில்லை என்றான். "புள்ளையத் தூக்கித் தூக்கி இளைச்சுட்டான்" என்று ஆட்கள் கேலி செய்தார்கள், நானும்தான் கேலி செய்தேன். ஒருநாள் ரோலர் மேலேயே சாய்ந்துவிட்டான். மெஷின் நின்றிருந்ததால் தப்பித்தான். மதுரையில் ஒரு ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிக்கொண்டு போனேன். சின்ன வயசு டாக்டர், நிதானமானவர். ரத்தத்தைச் சோதித்துவிட்டு என்னை வெளியே கூப்பிட்டார்.

"இவருக்கு உடம்பில் ரத்தம் ஊறவே இல்லை. என்ன வேலை பார்க்கிறார்? சாயம், பெட்ரோல், தார் எண்ணெய், இந்த மாதிரி எதையாவது தினமும் தொடுவாரா?"

அந்தக் கேள்வியை அவர் மூன்று தடவை வேறுவேறு மாதிரி கேட்டார், தம்பி. எனக்கு அப்போதே பொறி தட்டிவிட்டது. டிரம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. அதோடு இன்னொன்றும் வந்து நின்றது: டிரம் வாங்கச் சொன்னது யார், பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தது யார் என்று நாளைக்கு நாலு பேர் கேட்பார்கள், இன்ஸ்பெக்டர் வருவார், முதலாளி என் பக்கம் கையைக் காட்டுவார். "அச்சாபீஸ்தாங்க. மண்ணெண்ணெய் போட்டுத் துடைப்போம். வேற ஒண்ணும் கிடையாதுங்க" என்றேன். டாக்டர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டு போய்விட்டார். நான் சொன்ன பொய்களில் மிகச் சின்னது அதுதான், ஒரு சாமானின் பெயரை மாற்றிச் சொன்னேன், அவ்வளவுதான்.

ரத்தம் ஏற்றினார்கள். முகத்தில் கொஞ்சம் களை வந்தது. டானிக் கொடுத்து அனுப்பினார்கள். ஓய்வெடுக்கச் சொன்னார்கள், எதைத் தொடக் கூடாது என்று அவர்கள் சொல்லவில்லை, சொல்ல நான் விடவில்லை. இரண்டு வாரத்தில் மாடசாமி வேலைக்கு வந்து நின்றான். காலண்டர் ஆர்டர் தலைக்கு மேல் கிடந்தது, அவனைப் போல ரோலர் கழுவ வேறு ஆள் இல்லை. பைண்டிங் பக்கம் அனுப்பியிருக்கலாம். சீசன் முடியட்டும், தையில் மாற்றிவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உன் கடிதத்தில் இருக்கிற அதே வார்த்தை. அவனைப் பார்க்கிறபோதெல்லாம் டாக்டர் கேட்ட கேள்வி ஞாபகம் வரும். டாக்டரே சரியாகிவிட்டது என்று அனுப்பிய பிறகு நமக்கென்ன என்று அடுத்த நிமிடம் சமாதானம் ஆகிவிடும். தை வந்தது. அவன் அதற்கு நாலு நாள் முன்னாலேயே போய்விட்டான். முன்பே நிறுத்தியிருந்தால் பிழைத்திருப்பானா என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்பதுதான் என்னைப் போட்டுத் தின்கிறது.

அவனைச் சுடுகாடு சேர்த்த மறுவாரம் சுவரோரம் ஒழுகுகிறது என்று ஒரு காரணத்தைச் சொல்லி டிரம்மைத் திருப்பி அனுப்பினேன். அப்புறம்தான் நீ கேட்கிற எண்ணெய் முறை. முதலில் கடலை எண்ணெயைத் துணியில் தொட்டு ரோலரில் தடவி, மெஷினை மெதுவாகச் சுற்றவிடு. மை இளகும். காய்ந்த துணியால் வழித்தெடு. பிறகு மண்ணெண்ணெயில் பிழிந்த துணியால் ஒரு தடவை, மறுபடி காய்ந்த துணியால் ஒரு தடவை. ஆரம்பத்தில் எனக்குச் சொதப்பியது. எண்ணெய் தங்கி மஞ்சள் கலர் தாளில் ஏறவே இல்லை, இரண்டு நாள் வேலை குப்பைக்குப் போனது, முதலாளி வாயில் வந்தபடி ஏசினார். எலி வேறு வந்து துணியைக் கடித்தது. எண்ணெயைக் குறைத்துத் துணியை அடிக்கடி மாற்றியதும் சரியாயிற்று. எண்ணெய்த் துணியைக் குவித்துப் போடாதே, தானே சூடாகிப் பற்றும். தண்ணீர் ஊற்றிய தகர டின்னில் போட்டு மூடிவிடு. மண்ணெண்ணெயும் ஒன்றும் யோக்கியன் இல்லை, தோலைப் பொரிக்கும், அதனால் கையில் நேரே படாமல் பார்த்துக்கொள். கை கழுவ எண்ணெயும் தவிடும் போதும், அப்புறம் சோப்பு. நகக்கண்ணில் கறுப்பு நிற்கத்தான் செய்யும், நிற்கட்டும்.

இன்னொன்று, இது எனக்கு ரொம்பப் பிந்தித்தான் உறைத்தது. எது தயாராக இருக்கிறதோ அந்தக் கலரை முதலில் ஓட்டுவது நம் ஊர் வழக்கம். கறுப்பை ஓட்டிவிட்டு மஞ்சளுக்குப் போனால் ரோலரைத் தோல் உரிகிற மாதிரி கழுவித்தான் ஆக வேண்டும். மஞ்சளில் ஆரம்பித்து, சிவப்பு, நீலம் என்று போய்க் கறுப்பில் முடித்தால் கழுவுகிற வேலையே பாதியாகிவிடும். வேலையைச் சரியாக அடுக்கியிருந்தால் அந்த டிரம்மே எங்களுக்குத் தேவைப்பட்டிருக்காது. கழுவ எது நல்லது என்று மூளையைக் கசக்கினேனே தவிர, எதற்கு இத்தனை தடவை கழுவுகிறோம் என்று ஒருநாளும் யோசிக்கவில்லை. ஃபோர்மேன் என்று பெயர். கலருக்கு ஒன்றாக உன் பிளேட் தயாராகும் வரிசையை முதலில் மாற்று. சன்னலுக்கு மேலே, தாளில் காற்றுப் படாத உயரத்தில், நெடி வெளியே போக வழி திற. முதலாளி கத்துவார். கத்தட்டும். ஆட்களே கேட்கிறார்கள் என்கிறாய். மாடசாமியும்தான் கேட்டான். அவர்கள் கேட்பது சீக்கிரம் வீட்டுக்குப் போக. அந்தச் சாமான் என்ன செய்யும் என்று தெரிந்துவைத்திருக்க வேண்டியது நீ, அதற்குத்தான் உனக்குத் தனி மேசை. நாளைக்கு ஒரு டாக்டர் உன்னிடம் கேட்டால், டிரம்மில் ஒட்டியிருக்கிற பெயரை அப்படியே சொல். வேலை போனால் வீட்டுக்கு வா, கஞ்சிக்குக் குறையில்லை.

இதோடு முடித்திருப்பேன். ஆனால் ஒன்று பாக்கி நின்றது. மாடசாமி செத்தபோது காரணம் தெரியாமல் ஆளாளுக்குப் பேசினார்கள். கடைசியில் ஒரு பேச்சு நிலைத்தது: தினமும் அழுக்குத் துணியை வைத்து சாமி முகத்தை அழித்தான், முருகனையும் மாரியாத்தாளையும் துடைத்துக் காலடியில் போட்டு மிதித்தான், அதைத்தான் சாமி கேட்டுவிட்டது என்று. அவன் பெண்டாட்டி பேச்சியம்மாள் அதை நம்பினாள். அந்தக் குற்றம் குழந்தை மேல் விழக் கூடாது என்று ஒவ்வொரு பங்குனிப் பொங்கலுக்கும் விருதுநகர் வந்து தீச்சட்டி எடுக்கிறாள். பன்னிரண்டு வருடமாக நான் தெருவோரம் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு அந்தப் பேச்சு வசதியாக இருந்தது, தம்பி. பழியைச் சாமி ஏற்றுக்கொண்டது.

உன் கடிதம் வந்த மறுநாள் சாத்தூர் பஸ் ஏறினேன். வீட்டு வாசலில் உட்கார்ந்து தீப்பெட்டி ஆபீசுக்குக் குச்சி அடுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க அண்ணாச்சி, எம்புட்டு இளைச்சுப் போனீக! மகன் ஃபோர்மேன் ஆயிட்டாராம்ல?" என்று விசாரித்தாள். உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னேன். டிரம், பாட்டில், டாக்டரிடம் மண்ணெண்ணெய் என்று நான் சொன்ன பொய். அடுக்கிக்கொண்டே கேட்டாள். சொல்லி முடித்தபிறகுதான் கை நின்றது.

"அப்ப சாமி குத்தம் இல்லையா?"

"இல்ல தாயி. என் குத்தம்."

அவள் அழுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன். அதற்குத் தயாராகவும் இருந்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. மடியில் கிடந்த குச்சிகளைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"சாகக் கெடக்கையில தண்ணி கேட்டாக, அண்ணாச்சி. சாமியத் துடச்ச கைதான, அனுபவின்னு வைஞ்சுட்டுத்தான் குடுத்தேன். அத வாங்கிக் குடிச்சிட்டுத்தான் போனாக."

நான் பஸ் ஏறி வந்துவிட்டேன்.

டிரம்மை மூடிவிட்டு எனக்கு ஒரு கார்டு போடு.

அப்பா